மங்கலான படமும் பதிவுதான்: காட்டுயிர்ப் படங்களைப் பகிர்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயல் வரப்பிலும் மொட்டை மாடியிலும் ஏரிக்கரையிலும் பார்த்த உயிர்களைக் கைபேசியிலோ சிறிய கேமராவிலோ எடுத்துவிட்டு, "இதை யாரிடம் காட்டுவது" என்று அன்றே அழித்துவிடுகிறவர்கள் ஏராளம். அப்படி அழிந்துபோகும் படங்களில் பல, ஓர் உயிர் ஓர் ஊரில் ஒரு நாளில் இருந்ததற்கு நல்ல சான்றுகள். எந்தப் படத்தை வைத்துக்கொள்வது, எப்படித் தயார் செய்வது, எந்தக் குறிப்போடு எங்கே பகிர்வது என்பதை இங்கே சொல்கிறோம்.

பறவை ஒரு புள்ளியாகத்தான் விழுந்திருக்கிறது. இதையும் பகிரலாமா?

பெரிதாக்கிப் பாருங்கள். அந்த உயிரை அதன் ஜாடையுள்ள மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் ஒன்றாவது தெரிகிறதா? அலகின் வளைவு, வாலின் நுனி, சிறகில் ஒரு வெள்ளைப் பட்டை, காலின் நிறம் என எதுவாகவும் இருக்கலாம். ஒன்று தெரிந்தாலும் பகிரலாம். எதுவுமே தெரியவில்லை, உருவத்தை வைத்தும் ஊகிக்க முடியவில்லை என்றால் விட்டுவிடலாம். பனிமூட்டத்தில் கலைந்து தெரியும் யானையை வேறெதுவாகவும் கொள்ள முடியாது. அதே பனியில் எடுத்த சிட்டு எதுவாகவும் இருக்கலாம்.

பறவை நோக்கர்கள் இதைப் பதிவுப் படம் என்பார்கள். சுவரில் மாட்டும் படத்துக்கு உள்ள அளவுகோலை இதற்கு வைக்கக் கூடாது. தேதியும் இடமும் இல்லாத அற்புதமான படத்தைவிட, தேதியும் இடமும் உள்ள மங்கல் படம், எந்த உயிர் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் பரவல் வரைபடத்துக்கு அதிகம் உதவும்.

எந்த அடையாளம் தெரிந்தால் போதும் என்பதை எப்படி அறிவது?

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சாவி உண்டு. நம் ஊரில் அடிக்கடி குழப்பும் சிலவற்றைப் பார்ப்போம்.

வானத்தில் கருப்பு நிழலாக வட்டமிடும் பருந்துக்கு வால் போதும். கள்ளப்பருந்தின் வால் நடுவில் பிளவுபட்டிருக்கும். செம்பருந்தின் வால் நுனி வட்டமாக இருக்கும். செம்பருந்தின் குஞ்சுப் பருவம் பழுப்பு நிறம் என்பதால், நிறத்தை நம்பினால் ஏமாறுவீர்கள், வாலை நம்பலாம். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கள்ளப்பருந்து திரும்பும்போது வாலை விசிறிபோல் விரிக்கும்; அந்த நொடியில் பிளவு மறைந்துவிடும். ஆகவே ஒரே படத்தோடு நிறுத்தாமல் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். அவற்றில் மூன்றைச் சேர்த்துப் பகிருங்கள்.

வெண்கொக்குகளில் பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிப்பது வாய்ப்பிளவுக் கோடு. பெரிய கொக்குக்கு அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிடும். தலை தெளிவாக இல்லாத படத்தில் இந்த இரண்டையும் பிரிக்க முயல வேண்டாம். சின்னக் கொக்குக்கு இந்தத் தொல்லை இல்லை: கருப்பு அலகு, கருப்புக் கால், மஞ்சள் விரல்கள். அது சேற்றில் நிற்கும்போது விரல் தெரியாது; பறக்கும்வரை காத்திருந்து எடுத்தால், எவ்வளவு ஆடிய படத்திலும் கால் நுனியில் மஞ்சள் தெரியும்.

ஆண் தேன்சிட்டு வெயிலுக்கு எதிரே வெறும் கருநிழலாக விழுந்தால் அலகைப் பாருங்கள். லோட்டன் தேன்சிட்டின் அலகு நீளமாக, நன்றாக வளைந்திருக்கும். ஊதாத் தேன்சிட்டின் அலகு குட்டை. நேர் பக்கவாட்டில் எடுத்த நிழல் படமே இங்கே போதும். முகம் நம்மை நோக்கியிருந்தால் அலகு குட்டையாகத் தெரிந்து ஏமாற்றும்.

பழவேற்காட்டில் தொலைவில் நிற்கும் பூநாரைகளில், அலகு இளஞ்சிவப்பாகவும் நுனி மட்டும் கருப்பாகவும் தெரிந்தால் பெரிய பூநாரை. அலகு முழுவதும் கருத்துத் தெரிந்தால் சிறிய பூநாரை.

சாலையைக் குறுக்கே கடந்த கீரியின் உடல் முழுக்க ஆடிப்போயிருந்தாலும், வால் நுனி கருப்பாக மேல்நோக்கி வளைந்திருந்தால் அது செங்கீரி.

பூச்சி, செடி, காளான் இவற்றுக்கு?

இங்கே கோணம்தான் எல்லாம். சிறு நீலன் வண்ணத்துப்பூச்சிகளுக்குச் சிறகின் அடிப்பக்கம் வேண்டும். மேல்பக்கம் மட்டும் உள்ள கூர்மையான படத்தைவிட அடிப்பக்கம் தெரியும் மங்கல் படம் மேல். வெந்தய வரியனுக்குப் பின்சிறகைப் பாருங்கள்: நடுவில் சில கரும்புள்ளிகள் இருக்கும். அதன் உருவத்தைப் போலவே வேடமிடும் வேறோர் இனத்தின் பெண்ணுக்கு அந்த நடுப்புள்ளிகள் இருக்காது. முன் ஓரத்தில் மட்டும் ஒரு புள்ளி. தும்பிகளுக்கு மார்பின் பக்கவாட்டுக் கோடுகளும் வயிற்றின் நுனியும் தேவை. சிலந்திக்கு மேல்பக்கம், முகம், வலை என மூன்று படம்.

செடிகளில் பெரும்பாலோர் பூவை மட்டும் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பூவை முன்னிருந்தும் பக்கவாட்டிலும், இலை தண்டில் எதிரெதிராக இருக்கிறதா மாறிமாறி இருக்கிறதா என்பது தெரியும்படி ஒரு கிளையை, இலையின் அடிப்பக்கத்தை, மரமானால் பட்டையையும் முழு உருவத்தையும் எடுங்கள். ஐந்து சுமாரான படம் ஓர் அழகான படத்தை வென்றுவிடும்.

காளானுக்குக் குடையின் அடிப்பக்கச் செவுள்களும் தண்டின் அடியும் வேண்டும். படத்தைப் பார்த்து யார் என்ன பெயர் சொன்னாலும், அதை நம்பிச் சமைக்காதீர்கள்.

எங்கே பகிர்வது? வாட்ஸ்அப் குழு போதாதா?

பெயர் கேட்க வாட்ஸ்அப் நல்லது, பாதுகாக்க உதவாது. அது படத்தைச் சுருக்கி, எடுத்த நேரம், இடம் பற்றிய உட்குறிப்புகளையும் நீக்கிவிடும். அங்கே அனுப்பியே ஆக வேண்டுமென்றால் 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள். மூலக்கோப்பு அப்படியே போகும்.

நிலைத்திருக்க வேண்டிய பதிவுக்கு இரண்டு இணையதளங்களைச் சொல்வோம். பறவைக்கு ஈபேர்டு: அங்கே தனிப் படமாக இல்லாமல், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்து என்னென்ன பார்த்தீர்கள் என்ற பட்டியலோடு படத்தை இணைக்க வேண்டும். படத்துக்கு 1 முதல் 5 வரை நட்சத்திரம் தருவார்கள். அது படத்தின் தரத்துக்கு மட்டும், பறவையின் அருமைக்கு அல்ல. 1 நட்சத்திரப் படமும் பதிவாக நிற்கும். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் 15 நிமிடம் ஒதுக்கினாலே ஒரு பட்டியல் போட்டுவிடலாம் என்பதால், தொடங்குவதற்கு அது நல்ல வாய்ப்பு.

மற்ற எல்லா உயிர்களுக்கும் ஐநேச்சுரலிஸ்ட். 2008-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது. அங்கே ஒரு பதிவு என்பது ஓர் உயிர், ஓர் இடம், ஒரு நேரம். ஒரே வண்ணத்துப்பூச்சியின் நான்கு படங்கள் ஒரே பதிவில் போகலாம்; ஒரே செடியில் உட்கார்ந்த இரண்டு வகைப் பூச்சிகளுக்கு இரண்டு பதிவு வேண்டும். புதியவர்கள் ஒரு நாள் நடையின் எல்லாப் படங்களையும் ஒரே பதிவில் கொட்டிவிடுவதுண்டு. அப்படிச் செய்தால் பெயர் சொல்ல வருபவர் எதற்குச் சொல்வது என்று தெரியாமல் கடந்துபோவார்.

ஏற்றும் முன் படத்தில் என்ன செய்யலாம்?

முதலில் வெட்டுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் படத்தின் நீண்ட பக்கத்தை 2048 புள்ளிகளுக்குச் சுருக்கிவிடும். 4000 புள்ளி அகலமுள்ள படத்தில் 200 புள்ளி அளவுக்கு இருக்கும் பறவை, வெட்டாமல் ஏற்றினால் ஏறக்குறைய 100 புள்ளியாகிவிடும்; பாதி விவரம் போயிற்று. பறவையைச் சுற்றி அதன் உடல் அளவுக்கு இடம் விட்டு வெட்டி, அதை முதல் படமாக வையுங்கள். வெட்டாத முழுப் படத்தை இரண்டாவதாகச் சேருங்கள். சூழல் தெரியும்: நெல்வயலா, கருவேலங்காடா, உப்பளமா என்பது பல சமயம் பாதி விடை.

அடுத்து வெளிச்சம். நிழல் பகுதியை மட்டும் உயர்த்தினால், கருநிழலாக இருந்த பறவையின் வயிற்றில் கோடுகள் தென்படலாம். வெள்ளைக் கொக்கு வெளிறிப்போயிருந்தால் மொத்த வெளிச்சத்தைக் குறையுங்கள். இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறச் செறிவைக் கூட்டாதீர்கள், பின்னணியை அழிக்காதீர்கள், ஓரத்தில் பெரிய எழுத்தில் பெயர் போடாதீர்கள். மாலை வெயிலில் எடுத்ததால் எல்லாம் மஞ்சளாக இருந்தால், நிறத்தைத் திருத்துவதைவிட "மாலை 5.50, மஞ்சள் வெயில்" என்று எழுதுவது நேர்மையானது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுக் கூர்மையாக்கலாமா?

கூடாது. இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தே இல்லை. அந்தச் செயலிகள் படத்தில் இல்லாத விவரத்தைக் கண்டுபிடித்துத் தருவதில்லை. வழக்கமாக அங்கே என்ன இருக்கும் என்று ஊகித்து வரைந்துவிடுகின்றன. தெளிவற்ற மார்பில் இறகு வரிகள் முளைக்கும், கண்ணைச் சுற்றி வளையம் வரும். அந்த வளையத்தை நம்பி ஒருவர் வேறோர் இனத்தின் பெயரைச் சொல்வார். இல்லாத உயிர் அந்த ஊர்ப் பட்டியலில் ஏறிவிடும். சில கைபேசிகள் அதிக ஜூமில் தாமாகவே இப்படிச் செய்கின்றன. அமைப்புகளில் அணைக்க முடிந்தால் அணையுங்கள், முடியாவிட்டால் ஜூமைக் குறைத்து எடுத்துப் பிறகு வெட்டுங்கள். மங்கல் தன்னை மங்கல் என்று காட்டிக்கொள்ளும். போலிக் கூர்மை எதையும் காட்டிக்கொள்ளாது.

செயலியே ஒரு பெயரைச் சொல்கிறது. அப்படியே ஏற்கலாமா?

தெளிவான படத்தில் பெரும்பாலும் உதவும். மங்கல் படத்தில் அது உருவத்தைவிட "இந்தப் பகுதியில் அதிகம் பார்த்தது எது" என்பதன் பக்கம் சாய்ந்துவிடும். நீங்கள் உறுதியாகச் சொல்லக்கூடிய மட்டத்தில் நிறுத்துங்கள்: "கொக்கு", "தும்பி", "பறவை" என்று போட்டாலும் குற்றமில்லை. தவறான இனப்பெயரைவிடச் சரியான குடும்பப் பெயர் மேல். அந்தக் குடும்பத்தைத் தேடித் திருத்தும் வல்லுநரின் கண்ணில் அது படும்.

தேதி, இடம் எப்படித் தப்பாகிறது?

கைபேசியில் இடக்குறிப்பு அணைந்திருப்பது முதல் காரணம். கேமரா செயலியின் அமைப்பில் சரிபாருங்கள். தனிக் கேமராவில் பேட்டரி முற்றிலும் இறங்கினால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடுவதுண்டு. ஒவ்வொரு நடையின் தொடக்கத்திலும் கைபேசித் திரையில் உள்ள நேரத்தைக் கேமராவால் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கடிகாரம் எவ்வளவு பிசகியிருந்தாலும் பிறகு கணக்குப் போட்டுத் திருத்தலாம். ஜிபிஎஸ் இல்லாத கேமரா என்றால், அதே இடத்தில் கைபேசியிலும் தரையை ஒரு படம் எடுங்கள். இடம் அதிலிருந்து கிடைக்கும்.

திரைப்பிடிப்பு எடுத்து ஏற்றுவது இன்னொரு பிழை. திரைப்பிடிப்பு எடுத்த நாள்தான் அதில் பதிவாகும், படம் எடுத்த நாள் பதிவாகாது. இடம் சரியாக நினைவில்லை என்றால் வரைபடத்தில் துல்லிய வட்டத்தைப் பெரிதாக்குங்கள், 5 கி.மீ. வட்டம் போடுவது, பொய்யான புள்ளி வைப்பதைவிட நல்லது.

கைபேசி மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்ய?

இருநோக்கி இருந்தால் அதன் வழியே எடுக்கலாம். 8 மடங்கு இருநோக்கி போதும்.

இருநோக்கியைச் சுவர், வேலிக்கால், முட்டி என எதிலாவது சாய்த்து அசையாமல் வைத்து, கண்ணால் பார்த்துக் கூர்மைப்படுத்துங்கள். பிறகு கைபேசியின் முதன்மை லென்ஸை ஒரு கண்வில்லையின் நடுவில் பொருத்துங்கள். கண்வில்லையின் ரப்பர் வளையத்தை வெளியே இழுத்தும் உள்ளே தள்ளியும் பார்த்து, ஒளிவட்டம் பெரிதாகத் தெரியும் நிலையில் விடுங்கள். ஓரத்துக் கருப்பு மறையும்வரை சற்றே ஜூம் செய்யுங்கள். பல லென்ஸ் உள்ள கைபேசி குறிப்பிட்ட ஜூமில் வேறு லென்ஸுக்குத் தாவும். திடீரென்று திரை இருண்டால் அதுதான் காரணம், ஜூமைச் சற்றுக் குறைத்தால் திரும்பிவிடும். பறவையின் மேல் விரலை அழுத்திப் பிடித்துக் கூர்மையைப் பூட்டி, தொடர்ச்சியாகப் படம் எடுங்கள். இருபதில் இரண்டு தேறும்.

கேமராவின் பின்திரையைக் கைபேசியில் எடுத்துப் பகிரும் வழக்கம் அவசரத்துக்குச் சரி. திரையில் பறவையைப் பெரிதாக்கி, திரை வெளிச்சத்தைக் கூட்டி, நிழலில் நின்று எடுங்கள். வரிவரியாகத் தெரிந்தால் கைபேசியைச் சற்றுச் சாய்க்கவும். வீடு திரும்பியதும் மூலப் படத்தைச் சேர்த்துவிடுங்கள்.

என் படங்கள் எப்போதுமே மங்கலாகின்றன. ஏன்?

மங்கலில் வகை உண்டு. வகை தெரிந்தால் மருந்து தெரியும். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியது: சாய்மானம் வேண்டும். கிளை தெளிவாக, பறவை மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை: உட்கார்ந்த பறவைக்கு 1/250 நொடி, பறப்பதற்கு 1/1000 நொடி வையுங்கள், இருட்டினால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) கூட்டுங்கள், மணல்மணலாக விழும் படத்தில் அடையாளம் காணலாம், இழுபட்ட படத்தில் முடியாது. முன்னால் உள்ள இலை கூர்மையாகப் பறவை கலங்கியிருந்தால் குவியம் தவறியது: நடுப்புள்ளிக் குவியத்துக்கு மாற்றுங்கள்.

நான்காவது வகைக்கு மருந்தில்லை. கோடியக்கரை உப்பளம், வறண்ட ஏரிப் படுகை போன்ற இடங்களில் வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் வெப்பக்காற்று எல்லாவற்றையும் நெளிய வைக்கும். எந்த விலையுள்ள லென்ஸும் இதைச் சரிசெய்யாது. காலை 8 மணிக்குள் எடுத்து முடியுங்கள்.

சில உயிர்களுக்குப் படமே தவறான கருவி. பக்கி, நெட்டைக்காலி ஆகிய பறவைகள், இலைகளுக்குள் துள்ளும் சிறு கதிர்க்குருவிகள், இரவில் கத்தும் தவளைகள் இவற்றுக்குக் கைபேசியில் 30 நொடி ஒலிப்பதிவு பத்துப் படங்களைவிடப் பயன்படும். இரண்டு தளங்களிலும் ஒலியை ஏற்றலாம்.

பாம்பைக் கிட்டே போய் எடுக்கலாமா?

வேண்டாம். பாம்பின் நீளத்தைப் போல் இரு மடங்காவது தள்ளி நின்று எடுங்கள், மங்கினால் மங்கட்டும். கட்டுவிரியனையும் விஷமற்ற ஓநாய்ப் பாம்பையும் நல்ல படத்தில்கூடக் குழப்பிக்கொள்கிறார்கள். கட்டுவிரியனின் வெள்ளை வளையங்கள் பெரும்பாலும் இணையிணையாக, தலையிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கி வால்பக்கம் தெளிவாகும்; ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்தருகே அகலமாகத் தொடங்கி வால்பக்கம் மங்கும். இது பதிவுக்கான அறிவு, பாம்பைக் கையில் எடுப்பதற்கான அனுமதி அல்ல.

யாரையாவது கடித்துவிட்டால் படம் எடுக்கத் துரத்தாதீர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே கூட்டு விஷமுறிவு மருந்துதான் இங்கே தருகிறார்கள். 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எந்த உயிருக்கு இடத்தை மறைக்க வேண்டும்?

பிடித்து விற்கப்படும் உயிர்களுக்கு: நட்சத்திர ஆமை, தேவாங்கு, எறும்புத்தின்னி, கிளிக்கூடு உள்ள மரம், கொத்தாகப் பூத்த காட்டு ஆர்க்கிட். அச்சுறுத்தலில் உள்ள பல இனங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே இடத்தை மங்கலாக்கி, ஏறத்தாழ 22 கி.மீ. பக்கமுள்ள கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகக் காட்டும். மற்றவற்றுக்கு நீங்களே அந்த வசதியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் குறிப்பில் "ஐயனார் கோயில் பின்புறப் புளியமரம்" என்று எழுதிவிட்டால் மறைத்ததற்குப் பொருளில்லை. படத்தில் பெயர்ப்பலகை விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நல்ல படத்துக்காகக் கூட்டருகே போகலாமா?

போகக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. நாம் விலக்கிய ஓர் இலை, காகத்துக்குக் கூட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். பதிவு செய்த ஒலியை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும், தேவாங்கின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பதும் இதே கணக்கு. முதுமலை போன்ற காட்டுச்சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குவது தடை. ஓடும் வண்டியிலிருந்து எடுத்த மங்கல் படமே அங்கே சரியான படம்.

மங்கல் படத்தை வைத்து "அரிய இனம்" என்று சொல்லலாமா?

சொல்வதற்குத் தேவையான சான்றின் அளவு, சொல்லும் செய்தியின் அளவுக்கு ஏற்ப உயரும். மைனாவுக்கு ஒரு கலங்கிய படம் போதும். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் சதுப்புக்காட்டில் 2004 ஏப்ரலில் டேவிட் லுனோ எடுத்த, சில நொடிகளே ஓடும் தெளிவற்ற காணொளியை வைத்து, அற்றுப்போனதாகக் கருதப்பட்ட தந்த அலகு மரங்கொத்தி உயிரோடு இருக்கிறது என்று 2005-இல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. சிறகின் பின்விளிம்பு வெள்ளையா என்பதுதான் கேள்வி. அது அங்கே சாதாரணமாக உள்ள வேறொரு மரங்கொத்திதான் என்று 2006-இல் பறவை வழிகாட்டி நூலாசிரியர் டேவிட் சிப்லி உள்ளிட்டோர் மறுத்தார்கள். சச்சரவு இன்றுவரை ஓயவில்லை. காணொளி எடுத்தவர் செய்ததில் தவறில்லை. அந்தச் சில நொடிகள் தாங்கக்கூடியதைவிடப் பெரிய சுமை அவற்றின் மேல் ஏறியது.

மறுபுறம், இந்தோனேசியாவின் தெற்குக் கலிமந்தானில் 2020-இல் உள்ளூர்க்காரர் இருவர் பெயர் தெரியாத ஒரு பறவையைப் பிடித்து, படம் எடுத்து, விட்டுவிட்டார்கள். அந்தப் படங்கள் பறவை ஆர்வலர்களிடம் போனபோது, 170 ஆண்டுகளுக்கு மேல் யாரும் பார்த்திராத கரும்புருவச் சிலம்பன் அது என்று தெரிந்தது. (பிடித்ததைப் பின்பற்ற வேண்டாம், கேட்டதைப் பின்பற்றலாம்.)

உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் எடுத்த எல்லாப் படங்களையும், கலங்கியவை உட்பட, வரிசை மாறாமல் ஏற்றுங்கள். பார்த்த தொலைவு, நேரம், வெளிச்சத்தின் திசை, நடத்தை இவற்றை அன்றே எழுதுங்கள். படத்தில் தெரிவது எது, கண்ணால் மட்டும் பார்த்தது எது என்று பிரித்து எழுதுவது மிக முக்கியம்.

யாரும் பெயர் சொல்லவில்லை. அல்லது தவறு என்கிறார்கள்.

காத்திருங்கள், சில பதிவுகளுக்கு ஆண்டுகள் கழித்தும் விடை வரும். சரிபார்ப்பவர்கள் சொந்த நேரத்தில் செய்யும் தன்னார்வலர்கள். மறுத்தால் "எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள், அதுதான் இலவசமாகக் கிடைக்கும் பாடம். ஐநேச்சுரலிஸ்டில் ஆய்வுத்தரம் (ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்ற நிலை) பெற, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். இனம்வரை போக வழியே இல்லாத படத்தில், "இதற்கு மேல் துல்லியமாக்க இயலாது" என்று வாக்களிக்கும் வசதி இருக்கிறது. பேரினத்தோடு ஒத்துக்கொண்டு பதிவு முழுமையடையும்.

தடம், எச்சம், அடிபட்டு இறந்தவை?

எல்லாமே பதிவுதான். அருகில் ஒரு நாணயமோ பேனாவோ வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். சாலையில் எடுப்பதானால் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தை யாராவது எடுத்துக்கொள்வார்களா?

உரிமம் நீங்கள் தேர்ந்தெடுப்பதுதான். ஐநேச்சுரலிஸ்டில் தானாக வருவது, பெயர் குறிப்பிட்டு வணிகமல்லாத பயனுக்கு அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். எல்லா உரிமையும் தனக்கே என்று பதிவுக்கு வைத்துவிட்டால், அந்தப் பதிவு உலகப் பல்லுயிர்த் தகவல் களஞ்சியத்துக்குப் போகாது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள்.

பத்து வருடத்துக்கு முந்தைய படங்கள் கிடக்கின்றன. அவற்றையும் போடலாமா?

அவைதான் முதலில் போக வேண்டியவை. அன்று ஏரியாக இருந்த இடம் இன்று மனைப்பிரிவாகியிருந்தால், அங்கே எது வாழ்ந்தது என்பதற்கு உங்கள் மங்கல் படத்தைத் தவிர வேறு சான்று இல்லாமல் போகலாம். கோப்பில் உள்ள தேதியைப் பாருங்கள். நகலெடுத்த தேதி அல்ல, எடுத்த தேதி. உறுதியில்லை என்றால் அதே நாளில் எடுத்த குடும்பப் படம், திருவிழாப் படம் எதையாவது வைத்துச் சரிபாருங்கள். அச்சிட்ட படமானால், பின்பக்கத்தில் தேதி முத்திரையோ கையெழுத்தோ இருந்தால் அதையும் ஒரு படம் எடுத்துச் சேருங்கள்.